நிலமா, பணமா, பராமரிப்பா: அடுக்குமாடி கட்டுபவரிடமிருந்து நம் பகுதிப் பூங்காவுக்கு எதை வாங்குவது?

பழைய குடோன் இருந்த இரண்டு ஏக்கர் இடம் கைமாறுகிறது. சுற்றிலும் தகரத் தடுப்பு வைக்கிறார்கள். இருநூறு வீடுகள் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. சென்னையில் வேளச்சேரி தொடங்கி சோழிங்கநல்லூர் வரை எந்தப் பக்கம் போனாலும் பார்க்கக்கூடியதுதான் இது. அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்கள் உடனே கேட்பது தண்ணீரையும் கழிவுநீரையும் போக்குவரத்து நெரிசலையும் பற்றி. மூன்றும் நியாயமான கேள்விகள். ஆனால் புதிதாக வரும் இருநூறு குடும்பங்களின் பிள்ளைகள் எங்கே விளையாடுவார்கள், பெரியவர்கள் எங்கே நடப்பார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. அதற்காகக் கட்டுமான நிறுவனம் தரவேண்டிய பங்கு விதியிலேயே இருக்கிறது. அதை எந்த வடிவத்தில் வாங்குகிறோம் என்பதைப் பொறுத்துத்தான் அந்தப் பகுதிக்கு ஏதாவது மிஞ்சுகிறது, அல்லது மிஞ்சாமல் போகிறது.

அந்தப் பங்கு நிலமாக வரலாம், பணமாக வரலாம், "பூங்காவை நாங்களே அமைத்துப் பராமரிக்கிறோம்" என்ற ஏற்பாடாகவும் வரலாம். நலச்சங்கக் கூட்டங்களில் பெரும்பாலும் இந்த மூன்றாவது வழிதான் எல்லோருக்கும் பிடிக்கிறது. அலைச்சல் இல்லை, மாநகராட்சியை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம், முதல் நாளிலிருந்தே புல்வெளி பச்சையாக இருக்கும். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. முதலில் கேட்க வேண்டியது நிலம். அதுவும் மனையின் எந்தப் பக்கத்தில் அந்த நிலம் விழுகிறது என்று பார்த்துக் கேட்க வேண்டும். ஏன் என்று சொல்வதற்கு முன் விதியைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 இதைத் திறந்தவெளி ஒதுக்கீடு என்கிறது. பேச்சு வழக்கில் எல்லோரும் ஓஎஸ்ஆர் என்றுதான் சொல்கிறார்கள். மனையின் பரப்பு 3,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் ஒதுக்கீடு எதுவும் கிடையாது. கிரவுண்டு கணக்கில் (ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி) அது சுமார் பதின்மூன்றரை கிரவுண்டு. 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை என்றால், சாலைகள் போக மீதியில் 10 சதவீதத்தை ஒதுக்க வேண்டும். இடத்தின் அமைப்பு காரணமாக ஒதுக்க முடியாதபோது, அதற்கு ஈடான நிலத்தின் மதிப்பைப் பணமாகக் கட்டலாம். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிவிட்டால் பணம் என்ற பேச்சே இல்லை, நிலத்தைத்தான் தரவேண்டும். தரும் நிலத்தை உள்ளாட்சி அமைப்பின் பெயருக்கோ சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) போன்ற திட்டக் குழுமத்தின் பெயருக்கோ தானப் பத்திரம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும். துண்டு நிலம் 100 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது, அகலம் 10 மீட்டராவது இருக்க வேண்டும்.

ஆக, இரண்டு ஏக்கர் குடோன், அதாவது சுமார் 8,000 சதுர மீட்டர், நடுப்பிரிவில் வருகிறது. உண்மையில் முடிவெடுக்க வேண்டியிருப்பது இந்தப் பிரிவில்தான்.

நிலத்தை ஏன் முதலில் வைக்கிறேன் என்றால், நகரத்துக்குள் திறந்தவெளியைப் பின்னால் யாராலும் உண்டாக்க முடிவதில்லை. தியாகராய நகரில் பனகல் பூங்காவும் நடேசன் பூங்காவும் இன்று இருப்பதற்குக் காரணம், அந்த நகரை மனைகளாகப் பிரித்தபோதே இடத்தை விட்டுவைத்ததுதான். அண்ணா நகர் டவர் பூங்கா 1968-ல் நடந்த வர்த்தகக் கண்காட்சியின் இடத்தில் மிஞ்சியது. இன்று அந்த இடங்களை விலை கொடுத்து வாங்கிப் பூங்கா அமைக்க எந்த மாநகராட்சியாலும் முடியாது. 2011-ல் சென்னை மாநகராட்சியின் எல்லை 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. புதிதாகச் சேர்ந்த பகுதிகள் பலவும் அதற்கு முன்பே ஊராட்சி, பேரூராட்சி காலத்தில் துண்டு துண்டாக மனை போடப்பட்டவை. அங்கே நடேசன் பூங்கா போன்ற ஒன்று இனி வருவதாக இருந்தால், இப்படி ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் கிடைக்கும் துண்டுகளில்தான் வரவேண்டும்.

நிலத்துக்குச் சட்டப் பாதுகாப்பும் கெட்டியாக இருக்கிறது. 10 சதவீதத்தை விலையில்லாமல் எழுதிக் கொடுக்கச் சொல்வது சொத்துரிமைக்கு விரோதம் என்று நெடுங்காலம் வழக்கு நடந்தது. வசந்த் அப்பார்ட்மென்ட்ஸ் உரிமையாளர் சங்கம் தொடர்ந்த வழக்கில் 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், அந்த விதி செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 1991-ல், பெங்களூருவில் பூங்காவுக்கென்று திட்டத்தில் குறித்திருந்த இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியது செல்லாது என்பதை அதே நீதிமன்றம் உறுதி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் பூங்கா, விளையாட்டுத் திடல், திறந்தவெளிகளைக் காப்பதற்கென்றே 1959-ல் இயற்றிய தனிச் சட்டம் ஒன்றும் உண்டு. பணத்துக்கு இப்படி ஒரு காவல் இல்லை.

ஆனால் நிலம் என்று சொல்லிவிட்டால் போதாது. வரைபடம் போடும்போது விற்க முடியாத மூலை எதுவோ அதுதான் ஓஎஸ்ஆர் ஆகிறது என்ற புகார் ஊர் ஊராக உண்டு. கடைசிக் கட்டடத்துக்குப் பின்னால், மதில் ஓரமாக, டிரான்ஸ்பார்மருக்கும் கழிவுநீர் சுத்திகரிப்புத் தொட்டிக்கும் நடுவில் ஒரு பட்டை. அளந்தால் 10 மீட்டர் அகலம் சரியாக இருக்கும். தெருவிலிருந்து போக வழி இருக்காது. ஒதுக்கும் நிலம் பொதுச் சாலையை ஒட்டி இருக்க வேண்டும் என்பது விதியின் நோக்கம். எனக்குத் தெரிந்த ஒரு பகுதியில் சாலையை ஒட்டித்தான் நிலம் இருக்கிறது, பத்திரமும் பதிவாகியிருக்கிறது. ஆனால் சாலைப் பக்கம் மதில் எழுப்பி, வாசலைக் குடியிருப்புக்குள் வைத்துவிட்டார்கள். காவலாளி யாரையும் விடுவதில்லை. உள்ளே இருப்பது மாநகராட்சிக்குச் சொந்தமான நிலம் என்பது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. உள்ளே குடியிருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது. வீடு விற்கும்போது "உள்ளேயே பூங்கா" என்று சொல்லித்தான் விற்றிருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை.

அதனால் ஒரு நிலத்தை மதிப்பிடும்போது நான் பரப்பைக் கடைசியாகத்தான் பார்ப்பேன். தெருவிலிருந்து நேரே நுழைய முடியுமா? சக்கர நாற்காலி ஏறுமா? எதிரே கடையோ வீட்டு வாசலோ இருக்கிறதா? மாலையில் பெண்கள் பயமில்லாமல் உட்கார வேண்டுமென்றால் இந்தக் கடைசிக் கேள்வி மிக முக்கியம். நாலு பக்கமும் மதில் சூழ்ந்த அரை ஏக்கரைவிடத் தெருமுனையில் இரண்டு கிரவுண்டு அதிகம் பயன்படும்.

மழையையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தை மறந்தவர்கள் தென்சென்னையில் இருக்க முடியாது. அடித்தளம் தோண்டி, மேலே முழுக்க கான்கிரீட் போட்ட மனையில் தண்ணீர் இறங்க இடமில்லை. ஓஎஸ்ஆர் நிலம் தரைமட்டத்தில், கீழே வாகன நிறுத்தம் இல்லாமல், வெறும் மண்ணாக இருந்தால் மழைக்காலத்தில் அது வேலை செய்யும். மாநகராட்சி அண்மை ஆண்டுகளில் பூங்காக்களுக்குள் பள்ளம் வெட்டி, மழைநீரை உள்வாங்கும் பஞ்சுப் பூங்காக்களாக மாற்றி வருகிறது. அதைச் செய்வதற்கும் நிலம் கையில் இருக்க வேண்டும்.

நிலத்தின் பலவீனம் ஒன்று உண்டு. 100 சதுர மீட்டர் என்பது 1,076 சதுர அடி. மூன்று படுக்கையறை ஃபிளாட் ஒன்றின் அளவுகூட இல்லை. அதற்கு வேலி, விளக்கு, தண்ணீர், குப்பை எடுக்க ஆள் என்று எல்லாம் வேண்டும். இப்படிப் பத்து துண்டுகள் ஒரு வார்டில் சேர்ந்தால், மாநகராட்சி பத்தையும் பூட்டி வைக்கவே வாய்ப்பு அதிகம். பூட்டிய இடத்தில் முதலில் கட்டட இடிபாடு கொட்டுவார்கள், பிறகு வண்டிகளை நிறுத்துவார்கள், அப்புறம் ஒரு கொட்டகை முளைக்கும்.

இந்த இடத்தில்தான் பணம் நல்ல வழியாகத் தெரியத் தொடங்குகிறது. கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு ஏக்கர் என்பது 8,094 சதுர மீட்டர். பணம் கட்டும்போது முதல் 3,000 சதுர மீட்டரைக் கழித்துவிடுவார்கள். சாலைக்கு எதுவும் போகவில்லை என்று கொண்டால் மீதி 5,094, அதில் 10 சதவீதம் சுமார் 509 சதுர மீட்டர், அதாவது 5,480 சதுர அடிக்குக் கொஞ்சம் மேல். பதிவுத்துறையின் வழிகாட்டி மதிப்பு, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் நில விலை, சதுர அடிக்கு 5,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கட்டவேண்டியது ஏறத்தாழ 2 கோடியே 74 லட்சம் ரூபாய்.

பெரிய தொகைதான். ஏற்கெனவே இருக்கும் ஒரு வார்டுப் பூங்காவில் நல்ல கழிப்பறை, குடிநீர், விளக்குகள், மேடுபள்ளம் இல்லாத நடைபாதை, மாற்றுத்திறன் குழந்தைகளும் ஆடக்கூடிய ஊஞ்சல், நிழல் மரங்கள் எல்லாம் செய்து, பல வருடங்களுக்கு ஆள் சம்பளத்துக்கும் இதில் மிச்சம் பிடிக்கலாம். ஐந்து நிமிட நடையில் அப்படி ஒரு பூங்கா இருந்து, அதன் விளக்கு எரியாமல், கழிப்பறை பூட்டிக் கிடந்தால், மதில் ஓரத்துப் பட்டை நிலத்தைவிட இந்தப் பணம் பலருக்கு உதவும். இதை நான் மனமார ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அந்தப் பணத்தைக் கொண்டு அதே தெருவில் 5,480 சதுர அடி வாங்க முடியுமா? வழிகாட்டி மதிப்புக்கு நிலம் விற்பவர் யாரும் இல்லை. சந்தை விலை பெரும்பாலும் அதற்கு மேலே இருக்கும். வழிகாட்டி மதிப்பு அரசு முடிவைப் பொறுத்து ஏறி இறங்கவும் செய்யும். 2017 ஜூனில் தமிழ்நாடு முழுவதும் அதை 33 சதவீதம் குறைத்தார்கள், 2023-ல்தான் அந்தக் குறைப்பை விலக்கினார்கள். அதற்கு நடுவில் அந்த மதிப்பை வைத்துக் கணக்கிட்ட எந்தத் தொகையும் அதே விகிதத்தில் சுருங்கியிருக்கும். நிலமாக வாங்கியிருந்தால் அந்த 33 சதவீதம் நம்மைத் தொட்டிருக்காது.

இதைவிடப் பெரிய கவலை, பணம் போய்ச் சேரும் இடம். நிலம் அந்தத் தெருவிலேயே கிடக்கும், பணம் நகரும். நெரிசல் கூடுவது வேளச்சேரியில், செலவு நடப்பது வேறெங்கோ என்றால், அந்த இருநூறு வீடுகளால் இடம் இழந்தவர்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். ஆகவே பணம் வேண்டுமா என்ற கேள்வியோடு, எந்தப் பூங்காவுக்கு, எந்த வேலைக்கு, எத்தனை ஆண்டுக்குள் என்று அதைக் கட்டிப்போட முடியுமா என்றும் கேட்க வேண்டும்.

இந்தக் கட்டிப்போடும் வேலையில் இங்கிலாந்தின் அனுபவம் நமக்கு உதவும். அங்கே 1990-ம் ஆண்டின் நகர, ஊரகத் திட்டமிடல் சட்டத்தின் 106-வது பிரிவின்படி, திட்ட அனுமதி தரும்போதே உள்ளாட்சி மன்றமும் கட்டுபவரும் ஒப்பந்தம் போடுகிறார்கள். எந்தத் திடலுக்கு, எந்த விளையாட்டு இடத்துக்கு எவ்வளவு என்று அதில் எழுதலாம். கேட்கும் பங்கு அந்தக் கட்டுமானத்துக்கு அவசியமானதாக, அதோடு நேரடித் தொடர்புள்ளதாக, அதன் அளவுக்கு நியாயமானதாக இருந்தால்தான் செல்லும். எனவே ஊரின் இன்னொரு மூலைக்கு அதைக் கொண்டுபோவது எளிதல்ல. பூங்காவை மன்றம் ஏற்றுக்கொள்ளும்போது பல வருடப் பராமரிப்புக்கான தொகையையும் சேர்த்து வாங்கிக்கொள்வது அங்கே வழக்கம். குறித்த காலத்துக்குள் செலவழிக்காவிட்டால் பணத்தைத் திருப்பித் தரவேண்டும் என்ற நிபந்தனையையும் பல ஒப்பந்தங்களில் சேர்க்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் சமுதாய உள்கட்டமைப்பு வரி என்ற இன்னொரு முறையும் அங்கே இருக்கிறது. அது சதுர மீட்டர் கணக்கில் வசூலாகி ஒரே நிதியில் சேருகிறது, நம் பணம் கட்டும் முறையை நெருங்கியது. அதில் 15 சதவீதம் கட்டுமானம் நடந்த வட்டாரத்துக்கே திரும்ப வேண்டும். அந்த வட்டார மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தங்களுக்கென்று ஒரு திட்டத்தை நிறைவேற்றியிருந்தால் அது 25 சதவீதமாகிறது. இந்த வரியை வசூலிக்கும் மன்றங்களும் 106-வது பிரிவில் பணம் வாங்கும் மன்றங்களும், எவ்வளவு வந்தது, எதற்குப் போனது என்று ஆண்டுதோறும் கணக்கு வெளியிட வேண்டும். அங்கேயும் வாங்கிய பணம் செலவாகாமல் கிடக்கிறது என்ற குறை பலமாகவே இருக்கிறது. ஆனால் எவ்வளவு கிடக்கிறது என்று ஒரு சாதாரணக் குடிமகன் பார்த்துச் சொல்ல முடிகிறது. நம் வார்டில் அப்படிச் சொல்ல முடிந்தாலே, பணம் வாங்குவதற்கான என் எதிர்ப்பில் பாதி போய்விடும்.

மூன்றாவது வழியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. கட்டுபவர் பூங்காவை அமைத்துக் கொடுப்பது நல்லது, அதைத் தாராளமாகக் கேட்கலாம். அவரே பராமரிப்பார் என்பதை நம்பி நிலத்தையும் பணத்தையும் விட்டுக்கொடுப்பதுதான் தவறு. கடைசி வீடு விற்ற பிறகு அவருக்கு அங்கே வேலை இல்லை. பராமரிப்புச் செலவு குடியிருப்பவர்களின் மாதக் கட்டணத்தில் ஏறிவிடும். காசு கொடுப்பவர்கள் "இது எங்கள் பூங்கா" என்று நினைப்பதும், வெளியாட்கள் வரக்கூடாது என்பதும் இயல்பாகவே நடக்கும். இங்கிலாந்தில் இதே வழியில் போய் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். அங்குள்ள போட்டி மற்றும் சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட அறிக்கையின்படி, பதினொரு பெரிய நிறுவனங்கள் 2021-22-ல் விற்ற புது வீடுகளில் 80 சதவீதத்துக்கு இத்தகைய பராமரிப்புக் கட்டணம் இருந்தது. உள்ளாட்சி வரியும் கட்டி, சாலைக்கும் புல்வெளிக்கும் தனியாகவும் கட்ட வேண்டிய நிலை. உள்ளாட்சி மன்றங்களே இந்த இடங்களை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஆணையத்தின் பரிந்துரை.

நலச்சங்கம் ஒரு பூங்காவைக் கவனித்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. பத்திரம் மாநகராட்சி பெயரில், வாசல் தெருவில், நேரப் பலகை வெளியே இருந்தால், செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதைச் சங்கம் தாராளமாகச் செய்யலாம். நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைத் தருகிறது, பூங்கா வேலைகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம்.

சரி, எந்த இடத்தில் எதைக் கேட்பது? 10,000 சதுர மீட்டருக்கு மேல் என்றால் நிலம் எப்படியும் வரும். அங்கே முழு முயற்சியையும் வாசல் எந்தப் பக்கம் என்பதில் செலவிடுங்கள். நடுப்பிரிவில், சாலையை ஒட்டி இரண்டு மூன்று கிரவுண்டாவது ஒரே துண்டாகக் கிடைக்கும் என்றால் நிலத்தை விடாதீர்கள், பக்கத்தில் வேறு பூங்கா இருந்தாலும் சரி. மனை ஒடுங்கலாக, 3,000 சதுர மீட்டரைக் கொஞ்சம் மட்டும் தாண்டியதாக இருந்து, நடக்கும் தூரத்தில் பாழடைந்த பூங்கா ஒன்றும் இருந்தால் பணம் மேல். அந்தப் பூங்காவின் பெயர் ஏதாவது ஒரு கோப்பில் எழுத்தில் வரும்வரை விடக்கூடாது. இதே தெருவில் இன்னொரு பெரிய மனையும் சீக்கிரம் கட்டுமானத்துக்கு வரும்போல் இருந்தால், இரண்டின் ஒதுக்கீட்டையும் ஒட்டி ஒட்டி வரும்படி அமைக்கச் சொல்லுங்கள். இரண்டு துண்டுகள் சேர்ந்தால் பந்து விளையாட ஓர் இடம் கிடைக்கும்.

இந்த மூன்றிலும் அகப்படாத ஒரு கூட்டம் இருக்கிறது, அதுதான் எனக்கு அதிகக் கவலை தருவது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் நங்கநல்லூரிலும் பழைய மூன்று மாடிக் குடியிருப்புகளை இடித்து உயரமாகக் கட்டுகிறார்கள். ஒவ்வொன்றும் நாலு, ஐந்து கிரவுண்டு. 3,000 சதுர மீட்டருக்கு வெகு கீழே இருப்பதால் திறந்தவெளிக்கென்று எதுவும் வராது. ஒரே தெருவில் இப்படிப் பத்து கட்டினால் வீடுகளின் எண்ணிக்கை இரண்டு மடங்காகலாம், பூங்கா ஓர் அடிகூடக் கூடாது. ஆனால் இவர்களில் பலர் கூடுதல் தளப்பரப்புக்காக பிரீமியம் எஃப்எஸ்ஐ கட்டணம் செலுத்துகிறார்கள். எஃப்எஸ்ஐ என்பது மனையின் பரப்புக்கு எவ்வளவு தளப்பரப்பு கட்டலாம் என்ற விகிதம். சாலையின் அகலத்தைப் பொறுத்து, அனுமதித்த அளவுக்கு மேல் 30 முதல் 50 சதவீதம் வரை இப்படி வாங்கலாம். அந்தக் கட்டணத்தில் ஒரு பங்கை, இங்கிலாந்தின் 15 சதவீதம்போல, அதே வார்டின் பூங்காக்களுக்கு என்று ஒதுக்கினால் இந்த ஓட்டை அடைபடும். இதற்குப் புது வரி எதுவும் வேண்டாம்.

நடைமுறையில் நம் கைக்கு எட்டுவது என்ன? இங்கிலாந்தில் விண்ணப்பம் வந்ததும் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லக் காலம் தருகிறார்கள். இங்கே ஒரு சாதாரண அடுக்குமாடிக்குத் திட்ட அனுமதி தரும்முன் யாரும் நம்மைக் கேட்பதில்லை. நாம் கேள்விப்படும்போது வரைபடம் முடிந்திருக்கும். எனவே தகரத் தடுப்பு எழுந்த வாரமே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: ஓஎஸ்ஆர் நிலமா, பணமா? நிலம் என்றால் வரைபடத்தில் எங்கே? ஏற்கெனவே முடிந்த திட்டங்களுக்குத் தானப் பத்திர எண்ணைக் கேளுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்று போட்டால் பத்திரம் தெரியும். பட்டா மாநகராட்சி பெயருக்கு மாறியிருக்கிறதா என்பது தனி விஷயம், அதையும் பார்க்க வேண்டும்.

2022 நவம்பரிலிருந்து நகர்ப்புறங்களில், வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடிப் பேசும் ஏரியா சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. வார்டில் உள்ள எல்லா ஓஎஸ்ஆர் நிலங்களின் பட்டியலையும், எதன் வாசல் திறந்திருக்கிறது எது பூட்டியிருக்கிறது என்ற விவரத்தோடு, அடுத்த கூட்டத்தில் வைக்கும்படி கவுன்சிலரிடம் எழுதிக் கொடுங்கள். அந்த வார்டிலிருந்து பணமாகக் கட்டியவர்கள் யார், எவ்வளவு, அது எங்கே செலவானது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.